இருபதாயிரம் சினேகா

"ப்ளஸ் டூ முடியட்டும். அது வரைக்கும் பிள்ள பேரு எவன் வாயிலயும் அடிபடக் கூடாது. அடிபட்டுச்சு, அன்னிக்கே படிப்ப நிறுத்திட்டு ஒங்கிட்ட கொண்டாந்து விட்டுருவேன்."

போன ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் தங்கை செல்லத்தாய் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு முனியராஜ் இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மனைவி குருவம்மாள் மறக்கவில்லை. ஐந்து நாளாக அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பட்டாசுக் கம்பெனி குடோனில் முனியராஜ் லோடுமேன். அதே கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் குருவம்மாள். ஒரே மகள் சினேகா, சிவகாசியில் ப்ளஸ் டூ. பரீட்சை முடிந்ததும் அத்தை மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பது அப்பா ஆசை. காலேஜுக்கு அனுப்பியே தீருவது என்பது அம்மா பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் அம்மா ஒரு திருட்டுத்தனமும் செய்திருந்தாள். 'கம்ப்யூட்டர் கிளாஸ்' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைதோறும் மகளை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கே மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது, பாவம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் கம்பெனி வேன் பெண்களை இறக்கிவிட்டது. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம். சீசன் நேரத்தில் அந்த ஷெட்டில் தண்ணீர் குடிக்கப் போகிறவள்கூட ஓடித்தான் போவாள்.

போர்மேன் சீனிவாசகம் ஒரு லேபிள் கட்டைக் கொண்டுவந்து குருவம்மாள் முன்னால் போட்டார்.

"புது ஐட்டம்த்தா. சிட்டு மத்தாப்பு. வடக்க போற ஆர்டர். லேபிள் கோணாம ஒட்டணும், ஆமா."

குருவம்மாள் சணலை அவிழ்த்தாள். மேலே இருந்த லேபிளில் ஒரு பெண் தலையைச் சாய்த்து, கையில் மத்தாப்பைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'பிள்ள நல்லா லட்சணமா இருக்கே' என்று நினைத்தபடி பசையில் தூரிகையை முக்கினாள்.

தூரிகை பசையிலேயே நின்றுவிட்டது.

அது சினேகா.

இல்லை, இருக்காது. என் பிள்ளை கறுப்பு, இவள் மாவு பூசின மாதிரி சிவப்பாக இருக்கிறாளே. குருவம்மாள் லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பின்னால் இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு மஞ்சள் வானமும் நட்சத்திரமும் போட்டிருந்தார்கள். வெட்டியவன் அவசரக்காரன் போலிருக்கிறது. பிள்ளையின் தோளில் மூன்று விரல் மிச்சம் இருந்தது. பட்டாசு மருந்துக் கறை ஏறிய நகங்கள்.

தன் விரலைத் தனக்குத் தெரியாதா? போன கார்த்திகைக்கு, வீட்டு வாசலில், மகளோடு படிக்கிற பாண்டிலட்சுமி கேமரா போனில் எடுத்த படம். "எம்மா, நீயும் நில்லும்மா" என்று சினேகா இழுத்து நிறுத்தினாள். நின்ற அம்மாவை வெட்டிவிட்டு மகளை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

"ஏ குருவு!" பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது ஒம் மவ சாடையாவுல்ல இருக்கு!"

"போடி இவளே. எம் மவ என்னிக்குடி இம்புட்டுச் செவப்பா இருந்தா? இது பம்பாய்க்காரப் பிள்ள."

வாய் சொல்லிவிட்டது. கை லேபிளைக் கவிழ்த்து வைத்தது. சீனிவாசகம் பக்கம் திரும்பி, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இது எம்புட்டுண்ணே வந்திருக்கு?"

"இருபதாயிரம். ஆறாயிரத்த நேத்தே ரெண்டாவது ஷெட்டுல ஒட்டி முடிச்சாச்சு. குடோனுக்கும் போயிருச்சு. சாயந்தரம் நாலு மணிக்கு நாக்பூர் லோடுல ஏறுது."

குடோன். அங்கே தலையில் துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கிறவர் முனியராஜ்.

யாத்தே!

பதினான்கு வருஷமாக லேபிள் ஒட்டுகிறாள் குருவம்மாள். பல் முளைக்காத பிள்ளை, தொப்பி போட்ட பிள்ளை, பொம்மை வைத்திருக்கிற பிள்ளை என்று எத்தனை முகங்கள்! இது யார் பெற்ற பிள்ளை, இதன் தாய்க்கு இது தெரியுமா என்று ஒரு நாள் யோசித்ததில்லை. இன்றைக்கு யோசித்தாள்.

காய்ச்சல் என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டாள். சீசன் நேரத்தில் லீவா என்று சீனிவாசகம் கத்தினார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு கத்துவதை நிறுத்திக்கொண்டார். ஒரு லேபிளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினாள் குருவம்மாள்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. சின்னப் பெட்டிகளைப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் அடைத்துத்தானே அனுப்புவார்கள்? மூடின பெட்டியைத் தூக்குகிறவர் உள்ளே யார் முகம் என்று பார்க்கவா போகிறார்? பார்க்க மாட்டார். பார்க்கக் கூடாது, மாரியம்மா!

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேனிடம் "வீட்டுல மேலுக்குச் சொகமில்ல" என்று பொய் சொன்னாள். காலையிலிருந்து இது மூன்றாவது பொய். சினேகா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னாச்சும்மா? அப்பாவுக்கு ஒண்ணுமில்லையே? கம்பெனியில எதும்...?"

பட்டாசு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் முதலில் இப்படித்தான் கேட்கும். குருவம்மாள் வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போய் லேபிளை நீட்டினாள்.

"ஐ! நானாம்மா?"

சினேகாவின் முகம் மலர்ந்துவிட்டது. குருவம்மாளுக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் பிள்ளையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"நான் குடுக்கலம்மா. சத்தியமா யாருக்கும் குடுக்கல."

"பின்ன, கால் மொளச்சு நடந்து வந்துச்சாக்கும்? இந்தப் படத்த எங்கன வச்ச?"

"ஆர்குட்ல போட்டேன்."

"அப்டின்னா?"

"கம்ப்யூட்டர்லம்மா. நம்ம பேரு, போட்டோ எல்லாம் போடலாம். பிரெண்ட்ஸ் பாப்பாங்க. நல்லாருக்குன்னு எழுதுவாங்க."

"ஒனக்கு அதுல எத்தன பிரெண்டு?"

"இருநூத்திப் பத்து."

"நம்ம தெருவுலயே அம்புட்டுப் பேரு இல்லையேத்தா! யாரு அவுகள்லாம்?"

சினேகா ஷூவால் மண்ணைக் கீறினாள். "பாதிப் பேரத் தெரியும்மா."

மீதிப் பாதி யார் என்று குருவம்மாள் கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

பஜாரை ஒட்டிய சந்தில் வெள்ளைத்துரையின் கடை, சினேகா சனிக்கிழமைதோறும் போகிற இடம். பின்பக்கம் பிளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டர், பிரவுசிங்குக்கு. முன்பக்கம் கல்யாணப் பத்திரிகையும் பட்டாசு லேபிளும் டிசைன் பண்ணுகிற டேபிள். சிவகாசியில் ஒரே கடைக்குள் இரண்டு தொழிலும் நடப்பது ஒன்றும் புதிதில்லை. லேபிளைக் கண்டதும் வெள்ளைத்துரை பெருமையாகச் சிரித்தான்.

"நம்ம வேலதாங்க்கா. கலர் எப்படி வந்திருக்கு பாத்தீகளா?"

"இது எம் மவ."

வெள்ளைத்துரை குருவம்மாளைப் பார்த்தான். பின்னால் நின்ற சினேகாவைப் பார்த்தான். லேபிளைப் பார்த்தான். உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான்.

"அக்கா... தெரியாதுக்கா. மத்தாப்பு பிடிச்ச பிள்ள படம் ஒரு மணி நேரத்துல வேணும்னு பிரஸ்ல கேட்டாக. நெட்ல தேடுனா பூரா வெள்ளக்காரப் பிள்ளைகளா வருது. நாலாம் நம்பர் சிஸ்டத்துல இந்தப் படம் கெடந்துச்சு. யாரோ நெட்ல இருந்து எறக்கிப் போட்டிருக்காகன்னு நெனச்சேன். நெட்ல வர்ற பிள்ளன்னா எங்கயோ தூர தேசத்துப் பிள்ளன்னுதானக்கா தோணும்? எங்க தொழில்ல எல்லாரும் இப்படித்தான் எடுக்கோம்."

"எடுக்கும்போது கேக்கணும்னு தோணலயா?"

"யார்ட்டக்கா கேக்க?"

அவன் ஏய்க்கவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. யார் பிள்ளை என்று கேட்காமல்தானே தானும் பதினான்கு வருஷமாக ஒட்டியிருக்கிறோம் என்று குருவம்மாளுக்குச் சுருக்கென்றது.

"மெமரி கார்ட போட்டு நாந்தாண்ணே ஏத்துனேன்" என்றாள் சினேகா. "அழிக்க மறந்துட்டேன்."

"அத மட்டுமா மறந்த?" என்றபடி வெள்ளைத்துரை நாலாம் நம்பர் கம்ப்யூட்டரைத் தட்டினான். பாஸ்வேர்ட் எதுவும் கேட்கவில்லை. சினேகாவின் பக்கம் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது.

"இது என்ன, கதவு தெறந்தேல்ல கெடக்கு!" என்றாள் குருவம்மாள்.

"ஞாபகம் வச்சுக்கவான்னு கேட்டுச்சு. டிக் பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமேன்னு..."

"அப்ப இந்தச் சேருல வந்து ஒக்காந்தவன் எல்லாம் ஒன் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கான்." குருவம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு எழுத்து விடாம படி."

சினேகா படித்தாள். பேர். பிறந்த தேதி. பள்ளிக்கூடத்துப் பேர், செக்ஷனோடு. தெருப் பேர். அப்புறம் பத்து இலக்கத்தில் ஒரு நம்பர்.

"இது யாரு நம்பரு?"

"அப்பா நம்பரு. நம்ம வீட்டுல வேற போன் ஏதும்மா?"

குருவம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். ஊரில் உலகத்தில் எந்தப் பிள்ளையாவது இப்படிச் செய்யுமா? ஒளித்து மறைத்துச் செய்கிற காரியத்தில் அப்பன் நம்பரையா கொடுக்கும்? அழுகிறதா, சிரிக்கிறதா என்று தெரியவில்லை அவளுக்கு.

"கீழ என்னமோ எளுதியிருக்கே, அதையும் படி."

"'ஹாய் ஏஞ்சல், போட்டோ சூப்பர்.' இது ரம்யான்னு ஒரு பொண்ணு. மதுரையாம்."

"அடுத்தது?"

அதுவும் ரம்யா எழுதியதுதான். சினேகா மெதுவாகப் படித்தாள். "'ஸ்கூல் விட்டா எந்த பஸ்ல போவ?'"

"நீ என்ன சொன்ன?"

"பஸ் பேரச் சொன்னேன்."

"அப்புறம்?"

"'வீட்ல யாரும் இல்லாத நேரம் எது?' இதுக்கு மட்டும் நான் பதில் போடலம்மா. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. பொண்ணு படம்தான் போட்டிருந்துச்சு, பொண்ணுன்னு நெனச்சுத்தான்..."

வெள்ளைத்துரை அந்த ரம்யாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். இருந்தது ஒரே ஒரு படம்.

"இந்தப் போட்டோவ நான் ரெண்டு லேபிளுக்குப் போட்டிருக்கேன்க்கா. நெட்ல கெடக்குற படம். பேருக்கும் படத்துக்கும் சம்பந்தமே இருக்காது. இது பொண்ணான்னே சந்தேகம்தான்."

சினேகா அழ ஆரம்பித்துவிட்டாள். காலையிலிருந்து அடிக்கத் துடித்துக்கொண்டிருந்த குருவம்மாளின் கை, தன்னை அறியாமல் பிள்ளையின் தலையைத் தடவியது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"எல்லாத்தையும் அழி. இப்பவே, என் கண்ணு முன்னால."

வெள்ளைத்துரை சொல்லச் சொல்ல சினேகா அழித்தாள். படங்கள், நம்பர், தெரு, கடைசியில் கணக்கையே மூடினாள். அந்த ரம்யா எழுதியதை மட்டும் அழிப்பதற்கு முன்னால் பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுத்தான் வெள்ளைத்துரை. "வச்சிருங்கக்கா, தேவப்படும். இனி இங்கன இருக்காது. ஆனா ஏற்கனவே எவனாச்சும் எறக்கி வச்சிருந்தா நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"சரி. இப்ப பிரஸ்ஸுக்குப் போன் போடு."

பிரஸ் முதலாளி லேசில் மசியவில்லை. அடித்தது அடித்ததுதான், பிள்ளை படம் அழகாகத்தானே வந்திருக்கிறது, இதில் என்ன குறைந்துபோயிற்று என்றார். குருவம்மாள் போனைக் கையில் வாங்கினாள்.

"ஐயா, நான் போலீசுக்கும் போகல, கோர்ட்டுக்கும் போகல. எங்க ஷெட்டுல நூத்தியிருவது பொம்பளைக இருக்கோம். எல்லாரும் பிள்ள பெத்தவுகதான். நாளைக்கு நான் ஒரு வார்த்த சொன்னா, ஒங்க லேபிள ஒருத்தி தொட மாட்டா. சீசன் நேரம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் யோசிக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். மிச்சம் பதினான்காயிரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, போன வருஷத்துக் கிளிப்படம் போட்ட லேபிளை அனுப்புகிறேன் என்றார். இவ்வளவு பேச்சு தனக்குள் இருந்தது குருவம்மாளுக்கே அன்றுதான் தெரியும்.

ஆனால் ஆறாயிரம்?

மணி மூன்றேகால். ஒரு ஆட்டோ பிடித்தால் நாலு மணி லோடுக்கு முன்னால் குடோனுக்குப் போய்விடலாம்.

"போவமாம்மா?" என்றாள் சினேகா.

போனால் எதற்கு வந்தாய் என்று முனியராஜ் கேட்பார். சொன்னால் படிப்பு போச்சு, ஆமத்தூர்தான். போகாமல் இருந்தால் மூடின பெட்டி மூடினபடியே நாக்பூருக்குப் போய்விடும். எங்கேயோ இருக்கிற நாக்பூர். அங்கே யாருக்குச் சினேகாவைத் தெரியும்? தீபாவளிக்குக் கொளுத்திவிட்டு, அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

"வேண்டாம். வீட்டுக்குப் போவோம்" என்றாள் குருவம்மாள்.

முனியராஜ் வீட்டுக்கு வரும்போது மணி ஆறரை. ஒரு கையில் காராச்சேவுப் பொட்டலம். இன்னொரு கையில் துண்டில் சுற்றின ஏதோ ஒன்று. செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார். குருவம்மாளுக்குக் கல்யாணமாகி பத்தொன்பது வருஷம். லோடு ஏற்றிவிட்டு வந்த நாளில் இந்த மனுஷன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"எங்க எம் மவ? வாத்தா இங்கன!"

துண்டை விரித்தார். சிட்டு மத்தாப்புப் பெட்டி.

"ஏத்தும்போது ஒரு பெட்டி அடி விட்டுருச்சு. பொலபொலன்னு கீழ கொட்டுது. பாத்தா பூரா எம் பிள்ள! எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. கம்பெனி போடுற லேபிளுல ஒரு லோடுமேன் மவ! இத ஏண்டி எங்கிட்டச் சொல்லல? மேனேஜரு ஒங்கிட்டதான கேட்டு வாங்கியிருப்பாரு?"

நாள் முழுக்க எதற்குப் பயந்தாளோ அது நடக்கவில்லை. நிம்மதி வர வேண்டியதுதானே? வரவில்லை.

"யார்ட்டயும் சொன்னீகளாங்க?"

"சொல்லாம? நாக்பூர் டிரைவரு பாத்துட்டு, 'இந்த மொகத்த அங்கன இருக்க பார்ட்டி பாத்தா காலண்டருக்கே எடுப்பாக, பேரு நம்பரு குடுங்க'ன்னாரு. பெட்டியில ஊர்ப் பேரு எளுதுற மார்க்கர் கையிலதான இருக்கு? நாப்பது பெட்டியிலயும் எளுதிவிட்டேன். சினேகா, தகப்பன் பேரு முனியராஜ், படிக்கிற ஸ்கூலு, எம் போன் நம்பரு. தமிள்ல நான் எளுதுனேன், டிரைவரு இந்தியிலயும் எளுதிக்கிட்டாரு."

சினேகா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது முனியராஜ் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். "அலோ... ஆமா, சினேகா வீடுதான். நீங்க யாரு?" கேட்டுவிட்டு முகமெல்லாம் பல்லாக மகளிடம் போனை நீட்டினார். "இந்தாத்தா, ஒன்னயத்தான் கேக்காக. காலண்டர்காரவுகளா இருக்கும்."

லாரி கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்நேரம் மதுரையைத் தாண்டியிருந்தாலே பெரிய விஷயம். நாக்பூரில் எவனும் இன்னும் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்க்காத பெட்டியிலிருந்து எப்படிப் போன் வரும்?

குருவம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கினாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"ஏண்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஒக்காருங்க. ஒண்ணு சொல்லணும். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது."

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது பெரிய பயம். சனிக்கிழமை கம்ப்யூட்டர் கிளாஸ் இல்லை என்பதில் ஆரம்பித்து, பஸ்ஸையும் வீட்டில் ஆளில்லாத நேரத்தையும் விசாரித்தவன் வரைக்கும் சொன்னாள். வெள்ளைத்துரை எடுத்துக் கொடுத்த காகிதத்தை முன்னால் வைத்தாள். மூன்றேகால் மணிக்கு ஆட்டோ பிடிக்காமல் வீட்டுக்கு வந்ததையும் மறைக்கவில்லை. தடுத்து நிறுத்தத்தானே அந்த முக்கால் மணி நேரம் இருந்தது?

முனியராஜ் கத்துவார் என்று நினைத்தாள். காராச்சேவுப் பொட்டலம் பறக்கும் என்று நினைத்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் மார்க்கர் மை இன்னும் அழியவில்லை.

"நாப்பது பெட்டி குருவு" என்றார். "எவன் வாயிலயும் பேரு அடிபடக் கூடாதுன்னு சொன்னவன் நானு. என் கையாலயே எளுதி அனுப்பிட்டனே."

போனை எடுத்து லாரி டிரைவர் நம்பரைப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான்.

"படிப்ப நிறுத்திருவீங்களாப்பா?" சினேகா அழுதுகொண்டே கேட்டாள்.

முனியராஜ் மகளை நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. டிரைவர் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்த அதே நம்பர்.

இந்தத் தடவை அவர் மகளிடம் நீட்டவில்லை. எழுந்துபோய்த் தெருக்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து போனைக் காதில் வைத்தார்.

"நான் அவ அப்பன் பேசுறேன். நீ யாருலே?"

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. பின்னால், சிவகாசி பஸ் ஸ்டாண்டில் தினமும் கேட்கிற அதே வரிசையில், ஒரு பஸ் கண்டக்டர் ஊர்ப் பேர்களைக் கூவுவது முனியராஜ் காதில் தெளிவாக விழுந்தது. ஆனைக்குட்டம், ஆமத்தூர், விருதுநகர்.